களஞ்சியமும் திறவுகோலும்

நுழையும்முன்

கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ ஒரு சொடுக்குப் போதும். அந்தச் சொடுக்குக்குப் பின்னால், மூலநிரலைப் பயன்பாட்டுக்குரிய மென்பொருளாக மாற்றித் தரும் சேவையகங்கள் இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. அவை தமக்கு வேண்டிய கூறுகளைப் பெரும்பாலும் பிறரிடமிருந்தே பெறுகின்றன. எவரிடமிருந்து பெறுவது, எதை நம்பிப் பெறுவது என்னும் வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

பொதியும் களஞ்சியமும்

மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் எழுதப்படுவது மூலநிரல். அதனைக் கணினி இயக்குவதற்கேற்ற வடிவில் மாற்றி, நிறுவுவதற்குரிய குறிப்புகளையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டித் தருவது பொதி. லினக்ஸ் உலகில் மென்பொருள்கள் பெரும்பாலும் இத்தகைய பொதிகளாகவே கைமாறுகின்றன. டெபியன், உபுண்டு ஆகியவை ‘டெப்’ என்னும் பொதி வகையையும், பெடோரா, சூசே ஆகியவை ‘ஆர்பிஎம்’ என்னும் வகையையும் பயன்படுத்துகின்றன. பொதிகளை ஓரிடத்தில் குவித்து, அவற்றுக்கு ஓர் அட்டவணையும் அமைத்து இணையத்தில் வைத்தால் அது களஞ்சியம் எனப்படும். 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெபியன் திட்டத்தின் களஞ்சியத்தில் இன்று 60,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே.

எந்தப் பொதியும் தனித்து நிற்பதில்லை. ஒளிப்படங்களைத் திறந்து காட்டும் ஒரு சிறு மென்பொருளுக்கும், படக்கோப்புகளை விரித்துத் தரும் நிரலகம் ஒன்று வேண்டும்; திரையில் சாளரம் வரையும் நிரலகம் மற்றொன்று வேண்டும்; எழுத்துருக்களைக் கையாள்வது பிறிதொன்று. இவற்றைச் சார்புகள் என்பர். அச்சார்புகளுக்கும் சார்புகள் உண்டு. ஒரு பொதியின் சார்புகளைத் தேடிச் செல்பவர் சில நேரங்களில் நூற்றுக்கணக்கான பிற பொதிகளில் போய் நிற்கிறார்.

ஆக்கச் சேவையகம்

மூலநிரலை எழுதியவரே தம் கணினியில் பொதியையும் ஆக்கிவிட்டால் என்ன? தொடக்கக் காலத்தில் அவ்வாறே நடந்தது. ஆனால், ஒருவர் நாள்தோறும் பயன்படுத்தும் கணினியில் அவரே மறந்துபோன பலவும் நிறுவப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றை அவருடைய மென்பொருள் சொல்லாமல் எடுத்துக்கொள்ளும். அதே மென்பொருள் மற்றொருவர் கணினியில் இயங்க மறுக்கும்போதுதான் குறை வெளிப்படும். அன்றியும், அவர் கணினியில் தீநிரல் ஏதேனும் புகுந்திருந்தால் அது பொதிக்குள்ளும் புகும்.

இந்நிலையை மாற்றவே பொதிகளை ஆக்குவதற்கெனத் தனிச் சேவையகங்கள் அமைக்கப்பட்டன. சூசே நிறுவனம் 2006ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ‘ஓப்பன்சூசே பில்ட் சர்வீஸ்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. பிற வழங்கல்களுக்கும் பொதிகளை ஆக்கித் தருவதால் பின்னர் ‘ஓப்பன் பில்ட் சர்வீஸ்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. இது கட்டற்ற மென்பொருளாதலால், எந்த நிறுவனமும் கல்லூரியும் தம் இடத்திலேயே இதனை நிறுவிக்கொள்ளலாம்.

இதன் செயல்முறை, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக உலை வைப்பதைப் போன்றது. ஒரு பொதியை ஆக்கும் முன்னர், வெறுமையான மெய்நிகர் கணினி ஒன்று உருவாக்கப்படுகிறது. பொதிக்கான குறிப்பில் எழுதப்பட்டுள்ள சார்புகளும் அடிப்படைக் கருவிகளும் மட்டுமே அதில் நிறுவப்படுகின்றன. குறிப்பில் எழுதாத எதுவும் உள்ளே இராது. ஆக்கம் முடிந்ததும் அந்த மெய்நிகர் கணினி கலைக்கப்படுகிறது. விளைந்த பொதியின்மீது சேவையகம் தன் இலக்கமுறைக் கையொப்பத்தை இட்டுத் தன் களஞ்சியத்தில் வெளியிடுகிறது. சார்புகளுள் ஒன்று பின்னாளில் மாறினால், அதனைச் சார்ந்த பொதிகளைத் தானே மறுபடியும் ஆக்குகிறது.

வெற்றுக் களஞ்சியம்

புதிதாக நிறுவப்பட்ட ஆக்கச் சேவையகத்தில் ஒன்றும் இராது. மூலநிரலைப் பொறிமொழியாக மாற்றும் நிரல்பெயர்ப்பியும் இராது. வெறுமையான மெய்நிகர் கணினியை எழுப்புவதற்குரிய அடிப்படைப் பொதிகளும் இரா. ஆகவே, வெளிக் களஞ்சியங்களை இணைப்பது விரும்பினால் செய்துகொள்ளும் கூடுதல் வசதியன்று. சேவையகத்தின் முதற்பணியே அதுதான்.

ஓப்பன் பில்ட் சர்வீசில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. வேண்டிய பொதிகளையெல்லாம் படியெடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்வது முதல்வழி. இதற்கு இடம் மிகுதியாக வேண்டும். ஆயினும், வெளியுலகம் எவ்வாறு மாறினாலும் படிகள் மாறா. மற்றோர் ஆக்கச் சேவையகத்துடன் நேரடியாக இணைத்துக்கொள்வது இரண்டாம் வழி. ஓப்பன்சூசே அமைப்பு நடத்தும் பொதுச் சேவையகத்துடன் இவ்வாறு இணைத்தால், அங்குள்ள திட்டங்கள் தன்னிடமே இருப்பனபோலத் தோன்றும். மூன்றாம் வழியும் உண்டு. வெளிக் களஞ்சியத்தின் முகவரி, அதன் அட்டவணையின் வகை, செயலியின் வகை ஆகியவற்றைப் பதிவு செய்தால் போதும். சேவையகம் அட்டவணையை மட்டும் பெற்று வைத்துக்கொள்ளும். ஒரு பொதி தேவைப்படும் வேளையில் அதனை மட்டும் பதிவிறக்கும்.

அப்பதிவுக்குச் சில வரிகளே தேவை. வெளிக் களஞ்சியத்தின் பொதுத் திறவுகோலைக் குறிப்பதற்கும் அவற்றுள் ஓர் இடம் உண்டு. அதனை நிரப்பியே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நிரப்பாவிட்டாலும் களஞ்சியம் இயங்கும். பொதிகள் வரும், ஆக்கங்கள் வெற்றியடையும். எல்லாம் செம்மையாக நடைபெறுவதாகத் தோன்றும் அந்த நிலையே அஞ்சத்தக்கது. ஏனெனில், வெளியிலிருந்து பெற்ற நிரல்பெயர்ப்பியாலும் நிரலகத்தாலும் விளைந்த பொதி, சேவையகத்தின் சொந்தக் கையொப்பத்துடனேயே வெளிச்செல்கிறது. அதனைப் பெறுவோர் அந்தக் கையொப்பத்தை நம்புகின்றனர். உள்ளிருக்கும் கூறுகள் எங்கிருந்து வந்தவை என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

திறவுகோல் சொல்வதும் சொல்லாததும்

ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுக் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாக மாற்றும் முறைகள் உள்ளன. ‘எஸ்எச்ஏ-256’ அவற்றுள் ஒன்று. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். இதனைக் கோப்பின் கைரேகை எனலாம். டெபியன் களஞ்சியத்தில் ஒவ்வொரு பொதியின் கைரேகையும் அட்டவணையில் எழுதப்பட்டுள்ளது. அட்டவணையின் கைரேகை ‘ரிலீஸ்’ என்னும் தலைமைக் கோப்பில் உள்ளது. அத்தலைமைக் கோப்பில் மட்டும் கையொப்பம் இடப்படுகிறது. சங்கிலியின் முதற்கண்ணியைச் சரிபார்த்தால் இறுதிக் கண்ணிவரை அனைத்தும் சரிபார்க்கப்பட்டுவிடும். எனவே, பொதிகளைப் பெறும் வழி பாதுகாப்பற்றதாயினும், இடையில் எவரும் அவற்றை மாற்றினால் உடனே தெரிந்துவிடும்.

பழைய அட்டவணையையே மீண்டும் மீண்டும் காட்டி ஏமாற்றுவதற்கும் ஒரு வழி இருந்தது. அதன் கையொப்பம் உண்மையானது. ஆனால், அதன்பின் வெளிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் இரா. இதனைத் தடுக்கத் தலைமைக் கோப்பிலேயே காலாவதி நாள் குறிக்கும் முறை வந்தது.

திறவுகோல் எங்கிருந்து பெறப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது. களஞ்சியம் உள்ள அதே முகவரியிலிருந்து, பாதுகாப்பற்ற அதே வழியில் திறவுகோலையும் பெற்றால் அதனால் பயனில்லை. பொதியை மாற்றக்கூடியவர் திறவுகோலையும் மாற்றியிருப்பார். அதிகாரம் எத்துணை என்பதும் பார்க்கவேண்டிய ஒன்று. டெபியன் வகைக் கணினிகளில் நெடுங்காலம் எல்லாத் திறவுகோல்களும் ஒரே கொத்தில் சேர்க்கப்பட்டன. ஓர் எழுத்துருக் களஞ்சியத்துக்காகச் சேர்த்த திறவுகோல், இயங்குதளத்தின் அடிப்படைப் பொதிகளுக்கும் செல்லுபடியானது. பால்காரருக்குத் தந்த சாவி பணப்பெட்டியையும் திறந்தது போன்றது இது. ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் அதற்குரிய திறவுகோலை மட்டும் ஏற்கும் முறை இப்போது பரிந்துரைக்கப்படுகிறது.

கையொப்பம் சொல்வது ஒன்றே: இப்பொதி இன்னாரிடமிருந்து வந்தது, வழியில் மாறவில்லை. அந்த இன்னார் நல்லவரா என்பதையும், அவர் பெற்ற மூலநிரல் தூயதா என்பதையும் அது சொல்வதில்லை.

தெரிந்து தெளிவோம்

யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரை 1984இல் வெளியானது. நிரல்பெயர்ப்பியிலேயே ஒரு சூழ்ச்சியை ஒளித்து வைத்தால், மூலநிரலில் எந்தத் தடயமும் இல்லாமல் ஒரு கள்ளவழியை உண்டாக்கலாம் என்பதை அவர் அதில் விளக்கினார். அந்த நிரல்பெயர்ப்பியைக் கொண்டு ஆக்கப்படும் அடுத்த நிரல்பெயர்ப்பிக்கும் அச்சூழ்ச்சி தொற்றிக்கொள்ளும்.

ஒரே பெயரில் இரு பொதிகள்

வெளிக் களஞ்சியத்தை இணைத்தபின் எழும் மற்றொரு சிக்கல் பெயரால் வருவது. ஒரே பெயருள்ள பொதி உள்ளும் உண்டு, புறத்தும் உண்டு. எதனை எடுப்பது?

களஞ்சியங்களுக்கு ஒரே முன்னுரிமை இருந்தால் எது உயர்ந்த பதிப்போ அதனை எடுப்பதே பல கருவிகளின் இயல்பு. புதியது நல்லது என்னும் இந்த எளிய எண்ணம் எவ்வளவு இடர் தரும் என்பதை 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சான் காட்டினார். பெருநிறுவனங்கள் தமக்குள் மட்டும் பயன்படுத்தும் பொதிகளின் பெயர்கள் சில வெளியில் கசிந்திருந்தன. அதே பெயர்களில், தீங்கு செய்யாத பொதிகளை ஆக்கி, மிக உயர்ந்த பதிப்பு எண்ணைத் தந்து பொதுக் களஞ்சியங்களில் அவர் வெளியிட்டார். ஆப்பிள், மைக்ரோசாப்ட் உள்ளிட்ட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகள் தம் சொந்தப் பொதியை விட்டு அவருடைய பொதியை எடுத்துக்கொண்டன. அவற்றின் பூட்டு எதையும் அவர் உடைக்கவில்லை. உயர்ந்த எண்ணைக் கண்டு அவையே கதவைத் திறந்தன.

ஓப்பன் பில்ட் சர்வீஸ் இவ்விடத்தில் வேறு நெறியைக் கைக்கொள்கிறது. ஒரு திட்டம் எந்தெந்தக் களஞ்சியங்களைப் பயன்படுத்தும் என்பது வரிசையாக எழுதப்படுகிறது. வரிசையில் முன்னிற்கும் களஞ்சியத்தில் ஒரு பெயர் கிடைத்துவிட்டால், பின்னிற்கும் களஞ்சியத்தில் அதே பெயரில் எவ்வளவு உயர்ந்த பதிப்பு இருந்தாலும் அது கண்ணிற்படாது. ஆகையால், வரிசை என்பது வெறும் பட்டியலன்று. யாருடைய சொல் முதலில் கேட்கப்படும் என்பதற்கான ஆணை. அடித்தளக் களஞ்சியத்தை முன்னும், கூடுதல் களஞ்சியத்தைப் பின்னும் நிறுத்தினால், கூடுதல் களஞ்சியம் இல்லாததைத் தரும்; இருப்பதை மாற்றாது. வரிசையை அறியாமல் மாற்றி எழுதியவர், அடிப்படை நிரலகங்களே வேறாகிப்போனதைப் பல நாள் கழித்துக் கண்டறிய நேரும்.

சில வெளிக் களஞ்சியங்கள் தாமாகவே இவ்வொழுங்கைப் பேணுகின்றன. ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் வழங்கலுக்குக் கூடுதல் பொதிகளைத் தருவது ‘எப்பல்’ எனப்படும் களஞ்சியம். பெடோரா சமூகம் இதனை நடத்துகிறது. அடித்தள வழங்கலில் உள்ள பொதிகளைத் தன் பொதிகள் மாற்றீடு செய்தலாகாது என்பது இதன் விதி.

ஒரே தேவையை வெவ்வேறு பெயருள்ள இரு பொதிகள் நிறைவு செய்யும் நிலையும் உண்டு. அப்போது ஓப்பன் பில்ட் சர்வீஸ் ஊகித்து ஒன்றை எடுப்பதில்லை. தெரிவு உள்ளது என அறிவித்து, ஆக்கத்தைத் தொடங்காமல் நின்றுவிடுகிறது. இன்னதே வேண்டும் என மனிதர் எழுதித் தந்தபின்னரே மேற்செல்கிறது. புதிதாகப் பணிக்கு வருவோருக்கு இது எரிச்சல் தருவதுண்டு. எனினும், தெரியாத இடத்தில் நின்று வினவும் இயல்பு, பொறியிடத்தும் போற்றத்தக்கதே.

அரை நொடித் தாமதம்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் தரவுதள மென்பொருள் பணியில் இருந்த ஆண்ட்ரஸ் பிராய்ண்டு என்னும் பொறியாளர், டெபியனின் நிலைப்படாத பதிப்பில் சில அளவீடுகளைச் செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ‘எஸ்எஸ்எச்’ மென்பொருள் வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி மிகுதியாக எடுத்துக்கொள்வதைக் கண்டார். பெரும்பாலோர் பொருட்படுத்தாத அத்தாமதத்தின் காரணத்தை அவர் தேடிச் சென்றார். அது ‘எக்ஸ்இசட்’ என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் நிரலகத்தில் போய் முடிந்தது. அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கொல்லைப்புற வழி ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. மார்ச் 29ஆம் நாள் அவர் அதனை உலகுக்கு அறிவித்தார்.

ஆக்கச் சேவையகங்களைப் பற்றிய இப்பாடத்துக்கு இந்நிகழ்வு மிக நெருங்கியது. அந்தத் தீநிரலை விழிக்கச் செய்யும் வரிகள், அனைவரும் பார்வையிடும் மூலநிரல் தொகுப்பில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டப்பட்ட கோப்பில் மட்டுமே இருந்தன. அதுவும் எல்லா இடத்திலும் விழிக்கவில்லை. 64 பிட் லினக்ஸ் கணினியில், டெப் அல்லது ஆர்பிஎம் பொதியாக ஆக்கப்படுகிறதா என்று பார்த்து, ஆம் எனில் மட்டுமே விழித்தது. அஃதாவது, அதன் இலக்கு ஆக்கச் சேவையகமே. தனியொருவர் தம் கணினியில் சோதித்துப் பார்த்திருந்தால் அது உறங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

இதனைச் செய்தவர் வெளியாளாக வரவில்லை. அத்திட்டத்தில் ஏறத்தாழ இரண்டாண்டு உழைத்து, நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்றவர் என்னும் பெயரிலேயே இது நிகழ்ந்தது. ஆகவே, சங்கிலியில் எங்கும் முறிவு இல்லை. டெபியனின் சோதனை நிலைக் களஞ்சியமும், ஓப்பன்சூசேயின் ‘டம்பிள்வீட்’ களஞ்சியமும் அப்பதிப்புகளை முறைப்படி ஆக்கி, முறைப்படி கையொப்பமிட்டு வெளியிட்டிருந்தன. செய்தி அறிந்தவுடன் அவை திரும்பப் பெறப்பட்டன. நிலைத்த பதிப்புகளின் களஞ்சியங்களுக்குள் அது இன்னும் நுழைந்திருக்கவில்லை. புதியனவற்றை உடனுக்குடன் ஏற்கும் களஞ்சியத்தை இணைப்பதா, காலம் தாழ்த்தி ஏற்கும் களஞ்சியத்தை இணைப்பதா என்னும் தேர்வின் பொருள் அன்று பலருக்கும் விளங்கியது. காலம் தாழ்த்துவதில் இழப்பும் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களும் அத்தாமதத்தில் சிக்கக்கூடும். அதனாற்றான் நிலைத்த பதிப்புகளை நடத்துவோர் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் தனிக் களஞ்சியம் ஒன்றை வைத்துள்ளனர்.

மறைந்துபோகும் முகவரிகள்

தீமை ஏதும் நிகழாமலும் வெளிக் களஞ்சியம் கைவிடக்கூடும். உலகெங்கும் சேவையகங்களில் பயன்பட்ட சென்ட்ஓஎஸ் லினக்சின் 8ஆம் பதிப்புக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31ஆம் நாளும், 7ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் நாளும் முடிவடைந்தன. பின்னர் அவற்றின் பொதிகள் வழக்கமான முகவரிகளிலிருந்து அகற்றப்பட்டு, பழையன வைக்கும் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. முந்தைய நாள்வரை தவறாமல் நடந்த ஆக்கங்கள், ஒரு வரியும் மாறாத நிலையில், மறுநாள் நின்றுபோயின.

இதற்கு மாற்றாக, குறித்த ஒரு நாளில் களஞ்சியம் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே காத்துவைக்கும் ஏற்பாடுகள் உள்ளன. டெபியன் திட்டம் 2005ஆம் ஆண்டு முதல் தன் களஞ்சியத்தின் நிலைகளைக் காலமுத்திரையுடன் சேமித்து வருகிறது. நாளும் நேரமும் குறிப்பிட்ட முகவரியை இணைத்தால், எத்தனை ஆண்டு கழித்தும் அதே பொதிகள் கிடைக்கும். ஒரு பொதி எந்தெந்தச் சார்புகளின் எந்தெந்தப் பதிப்புகளைக் கொண்டு ஆக்கப்பட்டது என்னும் பட்டியலும் டெபியனில் தனிக் கோப்பாகப் பதியப்படுகிறது. அப்பட்டியலும் காலமுத்திரைக் களஞ்சியமும் இருந்தால், வேறொருவர் வேறோரிடத்தில் அதே மூலநிரலை மறுபடியும் ஆக்கி, விளைவு ஒரு பிட்டும் மாறாமல் ஒத்துள்ளதா எனச் சரிபார்க்கலாம். டெபியனில் இம்முயற்சி 2013ஆம் ஆண்டளவில் வேகம் பெற்றது. பின்னர்ப் பிற வழங்கல்களும் இதில் இணைந்தன. ஒரே சேவையகத்தின் கையொப்பத்தை மட்டும் நம்பியிருந்த நிலையில், ஒன்றையொன்று அறியாத இரு சேவையகங்களின் விளைவை ஒப்பிடும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

களஞ்சியத்தை நீக்குதல்

இணைத்த களஞ்சியத்தை நீக்குவது எளிது. சேர்த்த வரியை அழித்தால் போதும். ஓப்பன் பில்ட் சர்வீஸ் உடனே மறுகணக்கிட்டு, அக்களஞ்சியத்தை நம்பியிருந்த பொதிகளையெல்லாம் ‘தீர்க்க இயலாதவை’ என அடையாளமிட்டுக் காட்டும். இத்தனை பொதிகள் அதனைச் சார்ந்திருந்தனவா என்று சேவையகத்தை நடத்துவோர் வியப்பது அப்போதுதான். அவற்றுக்கான சார்புகளை வேறிடத்திலிருந்து பெற்று மறுபடியும் ஆக்கவேண்டும். பழைய களஞ்சியத்தின் கூறுகளைத் தம்முள் கொண்டு முன்னரே வெளியிடப்பட்ட பொதிகள், அவற்றை நிறுவிய கணினிகளில் அடுத்த புதுப்பிப்பு வரும்வரை இயங்கிக்கொண்டேயிருக்கும்.